கையைக் கட்டிக்கொண்டு நிற்க ஒரு பயிற்சியா?

இராப்பணி_செவிலி

பதினான்கு வருடமாகப் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். பெற்றோர் பயமில்லாமல் தாங்களே குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாம் எப்படி உதவுவது என்று போன வாரம் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. அதில் எனக்குக் கஷ்டமாக இருந்தது ஒரே பாடம்: கையைக் கட்டிக்கொண்டு நிற்பது.

குழந்தை மார்பைப் பிடிக்காமல் அழுதால், ஒரு கையால் அம்மாவின் மார்பையும் மறு கையால் குழந்தையின் தலையையும் பிடித்து வைத்துவிடுவது என் வழக்கம். அரை நிமிட வேலை. பயிற்சியில் ஒரு பொம்மையைக் கொடுத்து, அம்மாவாக நடித்தவருக்கு வாயால் மட்டும் சொல்லித்தரச் சொன்னார்கள். என் கை தானாக நீண்டது. மூன்று முறை! இத்தனை வருடம் பால் கொடுக்கக் கற்றுத்தருகிறேன் என்று நினைத்திருந்தேன். அந்த வேலையையே நான்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன். மறுநாள் வீட்டுக்குப் போன அம்மாவுக்கு என் கை எங்கே கிடைக்கும்?

இந்தப் பயிற்சியை டாக்டர்கள் உட்பட எல்லோருக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஓபி_டாக்டர்

சிஸ்டர், தப்பாக நினைக்காதீர்கள், எனக்கு உடன்பாடில்லை. ஒரு குழந்தைக்கு எனக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதில் எடை பார்த்து, மார்பில் ஸ்டெத் வைத்து, மருந்து எழுதி, அப்புறம் தன்னம்பிக்கையும் ஊட்ட வேண்டுமா?

அதைவிட முக்கியமான விஷயம், தன்னம்பிக்கை வேறு, விவரம் வேறு. ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுப்பவர்களிடம் தன்னம்பிக்கைக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு மாதக் குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் உடனே ஓடி வர வேண்டும். "நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்று சொட்டு மருந்து கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருப்பவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். கொஞ்சம் பயந்த பெற்றோரே எனக்குப் போதும்.

குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் அமெரிக்காவில் 1994-ல் தொடங்கியது. தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அங்கே யாரும் யாருக்கும் தன்னம்பிக்கை ஊட்டவில்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

மூன்று_பெற்றவள்

டாக்டர் தம்பி, என் மூத்தவன் பிறந்தபோது குப்புறப் போடச் சொன்னதும் ஒரு டாக்டர்தான். அதையும் திரும்பத் திரும்பத்தான் சொன்னார்.

அதற்காக நான் சிஸ்டர் பக்கம் என்று நினைக்க வேண்டாம். ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரி, தையல் இழுக்கிறது, திரும்பிப் படுக்க முடியவில்லை. அப்போது ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு "உங்களால் முடியும்மா" என்று நின்றிருந்தால் அழுதே இருப்பேன். அந்த நேரத்தில் குழந்தையைத் தூக்கித் தர ஒரு கை வேண்டும். தைரியமெல்லாம் அப்புறம்.

இராப்பணி_செவிலி

அக்கா, நீங்கள் சொல்வது ரொம்பச் சரி. பயிற்சியிலும் இது வந்தது. "என்னால் முடியும்" என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் நான்கு வழி சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பும் மனசும் இருக்கும் நிலை. இதில் முதல் வழிக்குத்தான் பலம் அதிகம். வெறும் வாய்ப்பேச்சு அதற்கு ஈடாகாது. வலியும் தூக்கமின்மையும் நான்காவதில் வருகின்றன. முதல் ராத்திரி கையை நீட்டத்தான் வேண்டும். மூன்றாம் நாளும் நானே பிடித்து வைத்தால்தான் தப்பு. எப்போது நீட்டுவது, எப்போது எடுப்பது என்று பார்க்கத் தெரிவதைத்தான் நான் பயிற்சி என்கிறேன்.

டாக்டர், எப்போது ஓடி வர வேண்டும் என்று தெரிவதும் அந்தத் தைரியத்தில் சேர்ந்ததுதான். போன தடவை "இதற்கெல்லாமா ஓடி வருவீர்கள்" என்று திட்டு வாங்கியவர்கள்தான் விடியும்வரை காத்திருப்பார்கள்.

கங்காரு_அப்பா

எங்கள் பிள்ளை 31 வாரத்தில் பிறந்தாள். 35 நாள் ஐசியூ. அத்தனை நாளும் நான் பார்த்தது குழந்தையை அல்ல, மானிட்டரை. எண் இறங்கினால் என் உயிரும் இறங்கும். மூன்றாவது வாரம் ஒரு சிஸ்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "இப்போது குழந்தையைப் பார்த்துச் சொல்லுங்கள், எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார். திக்கென்றது. வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தேன், உதட்டு நிறத்தைப் பார்த்தேன். "நன்றாக இருக்கிறாள் என்று நினைக்கிறேன்" என்றேன். "நானும் அப்படித்தான் நினைக்கிறேன்" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். அதன்பின் தினமும் ஒரு தடவை இந்தப் பரீட்சை நடந்தது. மானிட்டர் இல்லாத வீட்டில் முதல் ராத்திரியைக் கடந்தது அதனால்தான்.

டாக்டர், ஆளும் நேரமும் இல்லை என்கிறீர்கள். நாங்கள் செய்த கங்காரு பராமரிப்பே பற்றாக்குறையில் பிறந்ததுதானே? 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல்தான் குறைமாதக் குழந்தைகளை அம்மாவின் மார்போடு சேர்த்து வைக்கத் தொடங்கினார்கள். 2022-ல் உலகச் சுகாதார நிறுவனம், பிறந்தவுடனேயே தொடங்குங்கள் என்று பரிந்துரைத்துவிட்டது.

ஓபி_டாக்டர்

உங்களுக்கு வாய்த்தது ஒரு நல்ல சிஸ்டர், சார். அவர் எந்தப் பயிற்சிக்கும் போகாமலேயே அப்படி இருந்திருக்கலாம். பயிற்சி கொடுத்தால் எல்லோரும் அப்படி ஆவார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

இராப்பணி_செவிலி

ஜமைக்கா. 1980-களில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு. சாதாரணச் சமுதாயச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் பாடம் நடத்தவில்லை. குழந்தையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று அம்மாவையே செய்ய வைத்தார்கள். இருபது வருடம் கழித்துப் பார்த்தால், இப்படி விளையாட்டும் பேச்சும் கிடைத்த குழந்தைகளின் சம்பாத்தியம், அது கிடைக்காத குழந்தைகளைவிடச் சுமார் 25 சதவீதம் அதிகம்.

ஓபி_டாக்டர்

அந்த ஆய்வு எனக்கும் தெரியும். நீங்கள் விட்டதை நான் சொல்கிறேன். வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருடம். என் ஐந்து நிமிடத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ, மறு வாரம் பழையபடி எல்லாம். எத்தனை பார்த்திருக்கிறேன்!

மூன்று_பெற்றவள்

இதில் தம்பி சொல்வதுதான் சரி.

இராப்பணி_செவிலி

ஒத்துக்கொள்கிறேன். இரண்டு நாள் போதாது. நேற்றுகூட அவசரத்தில் என் கை நீண்டுவிட்டது. கூட நின்று, "சிஸ்டர், கை" என்று சொல்ல வார்டில் ஒரு ஆள் வேண்டும், மாதக்கணக்கில்.

ஆனால் ஐந்து நிமிடத்திலும் ஒன்று செய்யலாம், டாக்டர். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், வீட்டில் போய் எப்படிச் செய்வீர்கள், சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

ஓபி_டாக்டர்

இன்று மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு பேர் நான் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்கள். மூன்றாவது அம்மா, வயிற்றுப்போக்கு. ஒரு லிட்டர் தண்ணீருக்கான ஓஆர்எஸ் பொட்டலம் கொடுத்திருந்தேன். "ஒரு டம்ளர் தண்ணீரில் முழுசாகக் கொட்டிக் கலக்குவேன்" என்றார், துளி தயக்கமில்லாமல். அதற்கு முன்னால் "புரிந்ததா?" என்றதற்குத் தலையாட்டியவரும் அவரேதான்.

திருப்பிச் சொல்லிக்கொடுத்து, அளவுக்குப் பாட்டிலைக் காட்டி, மறுபடி அவர் சொல்லக் கேட்டேன். நான்கு நிமிடம் கூடுதலாக ஆனது, வெளியே வரிசை சத்தம் போட்டது. கட்டாயப் பயிற்சி என்பதில் இன்னும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, சிஸ்டர். ஆனால் இதற்கு முன்னால் தலையாட்டிவிட்டுப் போனவர்களையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன்.

மூன்று_பெற்றவள்

அந்த அம்மாவை நாளைக்கு வரச் சொன்னீர்களா, தம்பி?