பால் மாதிரி எடுப்பதில் சந்தேகம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பண்ணையில் ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாகப் பால் அளவும் தரமும் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறோம். அளவில் சிக்கல் இல்லை. நுரை இருப்பதால் லிட்டர் கணக்கு சரிப்படாது என்று தராசில் வைத்துக் கிலோவில் எழுதிவிடுகிறோம்.

மாதிரி எடுப்பதில்தான் குழப்பம். முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு, கடைசியில் கறப்பதில் அதிகம். அதனால் மடி வற்றக் கறந்து, வாளியை நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் எடுக்கிறோம். அப்படியும் காலைப் பாலும் மாலைப் பாலும் ஒத்துப்போவதில்லை. கறவை இடைவெளி குறைந்தால் கொழுப்புச் சதவீதம் கூடும் என்பது தெரியும். இரண்டு வேளை மாதிரியையும் அந்தந்த வேளைப் பாலின் அளவுக்கு ஏற்றபடி கலந்து ஒரே சோதனையாகச் செய்கிறீர்களா? இல்லை, ஒரு மாதம் காலை, அடுத்த மாதம் மாலை என்று மாற்றி மாற்றி எடுக்கிறீர்களா? கன்று ஈன்றதிலிருந்து 305 நாள் வரை கறந்த பாலைக் கூட்டிப் போடும் கறவைக் கணக்குக்கு எது நம்பகமாக இருக்கிறது?

அப்புறம், சோமாட்டிக் செல் எண்ணிக்கை, அதாவது மடியில் தொற்று வந்தால் பாலில் கூடும் உடல் செல்களின் எண்ணிக்கை. மில்லிலிட்டருக்கு 2 லட்சத்தைத் தாண்டியதுமே நான்கு காம்பையும் தனித்தனியாகச் சோதிக்கிறீர்களா? மடிநோய் வெளியே தெரிவதற்கு முன்பே பிடித்துவிட வேண்டும், மாடு வலியில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை. உங்கள் பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.