அம்மாவுக்கு வலி தாங்கவில்லை, மார்ஃபின் கேட்டால் மறுக்கிறார்கள்

திருச்சிப் பெண்:
அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், முதுகெலும்பு வரை பரவிவிட்டது. தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். ராத்திரி முழுக்கக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அனத்துகிறார், நர்ஸைக் கூப்பிட்டால் "இப்பதானே ஊசி போட்டோம், பொறுத்துக்கச் சொல்லுங்க" என்று போய்விடுகிறார். பாராசிட்டமால், டிரமடால் தாண்டி எதுவும் இல்லை. அபினிலிருந்து எடுக்கும் கடும் வலி மருந்தான மார்ஃபின் கேட்டதற்கு "பழக்கமாகிவிடும்" என்றார் டாக்டர். இந்த நிலைமையில் அதற்குப் பயந்து துடிக்க விடுவதா? ஆத்திரமாக வருகிறது.

வார்டு நர்ஸ்:
சகோதரி, புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொல்லிவிட்டது. சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் வேலை செய்யும், அதனால் வலி வரும்வரை காத்திருக்காமல் நேரத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும், கூடவே அதற்கும் மருந்து கேளுங்கள். வலி பத்துக்கு எவ்வளவு என்று நேரம் போட்டு எழுதி, ரவுண்ட்ஸில் காட்டுங்கள்.

மதுரை வாசகர்:
நிறைய இடங்களில் மார்ஃபின் இருப்பே வைப்பதில்லை. 1985 போதைப்பொருள் சட்டத்தின் பயம். 2014-ல் சட்டத்தைத் திருத்தி உரிம நடைமுறையை எளிதாக்கிய பிறகும் பயம் போகவில்லை. வலி நிவாரணப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.

வார்டு நர்ஸ்:
அப்புறம் இன்னொன்று, எலும்பு வலிக்கு ஒரே தடவை ரேடியேஷன் கொடுத்தாலே பலருக்குக் குறையும். முதுகெலும்பு வரை பரவியிருப்பதால், கால் மரத்தாலோ பலமிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

திருச்சிப் பெண்:
ரேடியேஷன் பற்றி யாருமே சொல்லவில்லை. காலையில் முதல் வேலையாகக் கேட்கிறேன்.