900 அடி போர் வத்திருச்சு, இன்னும் ஆழம் போலாமா?

அவிநாசி_தென்னை:
வணக்கம்ங்க. தோட்டம் அவிநாசி பக்கம், நாலு ஏக்கரா, அதுல ரெண்டரை ஏக்கராவுல தென்னை 180 மரம். 2016ல போட்ட போர் 900 அடி, அப்ப ரெண்டு இஞ்ச் தண்ணி வந்துச்சு, இப்ப கால் மணி நேரம் ஓடுனா காத்துதான் வருது. போர் வண்டிக்காரரு 1300 அடி வரைக்கும் இறக்கலாங்கிறாரு, தேங்காய் வெச்சு பாத்தவரும் கீழ ஊத்து இருக்குங்கிறாரு, வீட்ல நகைய வெக்கலாமான்னு பேச்சு ஓடுது. தாத்தா காலத்து கிணறு ஒண்ணு 70 அடி, சும்மா கெடக்குது, குப்பை கொட்டிட்டு இருக்கோம். அத்திக்கடவு-அவிநாசி திட்டத்துல தண்ணி வர்ற குட்டை எங்களுக்கு மூணு கிலோமீட்டர் தள்ளி. என்ன பண்ணலாம்?

பாறைக்காடு:
நகைய வெக்காதீங்க. நான் வெச்சவன். 1150 அடில ஒன்றரை இஞ்ச் வந்துச்சுன்னு ஊருக்கே ஸ்வீட் குடுத்தேன், ரெண்டாவது கோடைல நின்னுருச்சு. ஆயிரம் அடி தாண்டுனா அடிக்கு அடி ரேட் ஏறும், பைப்பு, கேபிள், பெரிய ஹெச்பி மோட்டார் எல்லாம் தனி. கரண்ட் ஃப்ரீங்கிறதால ஓட்டுற செலவு மட்டும் நமக்கு தெரியறதில்ல.

வரப்போரம்:
நம்ம பக்கம் அடியில பூரா பாறைங்க. மேல இருக்கிற உளுத்துப்போன பாறையிலயும் அதுக்கு கீழ வெடிப்புலயும்தான் தண்ணி நிக்கும். ஆழம் போகப் போக வெடிப்பு கொறஞ்சுக்கிட்டே போகும், அப்படியே மாட்டுனாலும் அது பல வருச சேமிப்பு, நாலு மோட்டார் உறிஞ்சுனா முடிஞ்சுது. தேங்காய் தூக்கி நிக்கிறத பத்தி நான் பேசல, சண்டைக்கு வருவாங்க.

உங்க சொத்து அந்த கிணறுதான். மொதல்ல குப்பைய அள்ளுங்க. ஒரு ஏக்கராவுல 25 மில்லிமீட்டர் மழை பேஞ்சா ஒரு லட்சம் லிட்டர். நாலு ஏக்கராவுக்கு நாலு லட்சம், அஞ்சுல ஒரு பங்குதான் ஓடி வருதுன்னு வெச்சாலும் 80 ஆயிரம், 12 ஆயிரம் லிட்டர் லாரில கிட்டத்தட்ட ஏழு லோடு, ஒத்த மழைக்கு. அத பள்ளத்துக்கு விடாம கிணத்துக்கு திருப்புங்க. நேரா விட்றாதீங்க, முன்னாடி ஒரு குழி எடுத்து வண்டல் தங்க விட்டு, கல்லு ஜல்லி மணல்னு போட்டு வடிகட்டி விடுங்க, உரம் மருந்து கலந்த தண்ணி உள்ள போனா குடிக்கிற தண்ணியும் கெட்டுரும். ஐப்பசி மழைக்குள்ள முடிச்சிருங்க. ஆனா ஒண்ணு, இத வெச்சு இந்த கோடைக்கு மரத்த காப்பாத்த முடியாது, ரெண்டு மூணு மழைக்காலம் போனாத்தான் கிணத்துல வித்தியாசம் தெரியும்.

ஆடிக்காத்து:
அப்ப பண்ணைக் குட்டை வெட்டுனா என்ன? சும்மா எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.

வரப்போரம்:
தண்ணி நிறுத்தி வெக்க வெட்டுனா நம்மூரு வெயிலுக்கும் பாலக்காட்டு கணவாய் காத்துக்கும் பாதி ஆவியாப் போயிரும். பூமிக்குள்ள எறங்கட்டும்னு வெட்டுனா சரி, அதுக்கு ஷீட்டு விரிக்கக் கூடாது. அங்கதான் நிறைய பேரு தப்பு பண்றாங்க.

பாறைக்காடு:
இந்த கோடைக்கு நான் பண்ணத சொல்றேன். வட்டப்பாத்தில தண்ணி கட்டுறத நிறுத்திட்டு சொட்டு நீர் போட்டேன். அஞ்சு ஏக்கராவுக்குள்ள இருந்தா சிறு குறு விவசாயி சர்டிபிகேட் தாசில்தார் ஆபீஸ்ல வாங்கி குடுங்க, 100 சதவீத மானியம், பெரிய விவசாயிக்கு 75. மரத்தடியில உரிமட்டையும் காஞ்ச ஓலையும் மூடாக்கு போடுங்க, கொளுத்தாதீங்க. காய்ப்பு நின்ன கெழட்டு மரம் இருந்தா வெட்டிருங்க, மனசு கேக்காது, எனக்கும் கேக்கல, 22 மரம் வெட்டுனேன்.

பழைய போரை கைவிட்டா வாயை மூடி வைங்க. 2019ல மணப்பாறை பக்கம் ரெண்டு வயசுப் பையன் விழுந்தத யாரும் மறக்கல.

அவிநாசி_தென்னை:
ரொம்ப நன்றிங்ணா. நகை பேச்ச இன்னைக்கே நிறுத்திட்டேன், வீட்ல அம்மாவுக்கு பயங்கர சந்தோசம். கிணத்துல எட்டிப் பாத்தேன், குப்பை மேல பிளாஸ்டிக் கவர் ஒரு ஆள் உயரம் நிக்குது, ஒரு பக்கம் கல்லுக்கட்டும் சரிஞ்சிருக்குது. உள்ள எறங்கி அள்ற ஆளு பெருமாநல்லூர் பக்கம் யாராச்சும் தெரியுமா, இல்ல கிரேன்தான் வெக்கணுமா?

பாறைக்காடு:
கட்டு சரிஞ்சிருந்தா ஆளை எறக்காதீங்க. கிரேன்.