டயாலிசிஸ் ஆரம்பித்த அப்பாவிடம் யாராவது பேச முடியுமா?

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கடலூர் முதுநகர். அப்பா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து வியாபாரம் செய்தவர். டயாலிசிஸ் ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது, வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது, ஆனால் மனசு விட்டுப்போய்விட்டது. திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர், இப்போது யார் வந்தாலும் முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுகிறார், ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை அறுவை செய்து இணைத்தது) போட்ட கை தெரியக் கூடாதாம்.

தண்ணீரை அளவோடு குடிப்பதுதான் பெரும்பாடு. அம்மா காலையிலேயே பாட்டிலில் அளந்து வைத்துவிடுவார், மாத்திரைக்கும் அதிலிருந்துதான். போன வாரம் வெயில் தாங்காமல் இளநீர் குடித்துவிட்டார், அதில் பொட்டாசியம் அதிகம், இதயத்துக்கே ஆபத்து என்று நர்ஸ் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அம்மா எல்லோர் முன்னாலும் திட்ட, இரண்டு நாள் பேச்சே இல்லை.

திட்டினால் சரிவராது என்று நினைக்கிறேன். அப்புறம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். தினமும் எடையை அவரே எழுதுகிறார், ஃபிஸ்டுலா மேல் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்த்து 'உண்டு' என்று குறிக்கிறார், ஏலக் கணக்கு எழுதிய அதே சாய்வு எழுத்தில்.

கடலூர், பாகூர், புதுச்சேரி பக்கம் ஒன்றிரண்டு வருஷமாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் அரை மணி நேரம் அப்பாவோடு பேசுவீர்களா? ஊசிக்குப் பயந்து முந்தின இரவே தூங்காமல் கிடக்கிறார், அதை எப்படிச் சமாளித்தீர்கள்? கோடையில் தாகத்துக்கு என்ன செய்தீர்கள்? வேலைக்குத் திரும்பப் போனவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே அவரை அழைத்து வருகிறேன்.