முங்கி எழும் பறவைகள்: பார்த்தவர்கள் சொல்லுங்க

உக்கடம்:
பெரியகுளத்தில் நீர்க்காகம் மீன் பிடித்து முடித்துவிட்டு, பட்டுப்போன கிளையில் இறக்கையை விரித்து உட்கார்வது தினப்படி காட்சி. பைனாகுலரில் பார்த்தால் இறக்கையோரம் தண்ணீர் சொட்டுகிறது. இறகின் வெளிப்பகுதி நனைந்து, சிக்கியிருந்த காற்று போய்விடுவதால் மிதப்பு குறைகிறது; முங்குவது லேசாகிறது. நம் வெயிலுக்கு இது சரி. ஆனால் இதன் உறவான பெரிய நீர்க்காகம் கிரீன்லாந்திலேயே குளிர்காலத்தைக் கழிக்கிறது! அதன் இறகின் உள்பகுதி நனைவதில்லை, தோலை ஒட்டி மெல்லிய காற்றுப்படலம் தங்கும். அப்புறம், மீனைச் சட்டென்று பிடித்துக் கரையேறிவிடும். தண்ணீரில் ஊறிக் கிடக்காது.

ஈரோடு:
வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் பாம்புத்தாராவும் (பாம்பு மாதிரி நீண்ட கழுத்துள்ள பறவை) இதே கதைதானுங்க. அது இன்னும் முழுசாக நனையும்.

திருப்பூர்:
நஞ்சராயன் குளத்தில் நான் ரசிப்பது முக்குளிப்பானை. ஒரு தடவை கரைக்குப் பக்கத்திலேயே, குதிக்காமல் கொள்ளாமல், உடம்பு அப்படியே அமிழ்ந்து தலை மட்டும் வெளியே நின்றது. இறகை உடம்போடு அழுத்திக் காற்றை வெளியேற்றிவிடுமாம். கால் உடம்பின் கடைக்கோடியில் இருப்பதால் நீரில் நல்ல உந்துதல், தரையில் தடுமாற்றம். பெங்குவின் நிமிர்ந்து நிற்பதும் கால் பின்னுக்குப் போனதால்தான்.

பெருந்துறை:
மகள் நியூசிலாந்தில் இருக்கிறாள். அங்கே ஓமருவில் பொழுது சாய்ந்ததும் நீலக் குட்டிப் பெங்குவின்கள் கூட்டமாகக் கரையேறின. ஆளுக்கு ஒரு கிலோ இருந்தால் அதிகம். மேலெல்லாம் பளபளவென்று ஈரம், இறகுகளோ மீன் செதில் மாதிரி நெருக்கம். ஒரு சந்தேகங்க: அண்டார்டிகாவில் பனிமேல் நிற்கும் காலில் சூடு போய்விடாதா?

உக்கடம்:
அண்ணா, காலுக்கு இறங்கும் சூடான ரத்தக்குழாயும் மேலேறும் குளிர்ந்த குழாயும் ஒட்டியே ஓடுகின்றன. சூடு வழியிலேயே கைமாறி உடம்புக்குத் திரும்பிவிடும்; பாதம் உறையாத அளவுக்குத்தான் கீழே போகும். துடுப்பு மாதிரியான இறக்கைக்கும் இதே ஏற்பாடு. எம்பரர் பெங்குவின் 500 மீட்டருக்கும் கீழே முங்கும். அப்போது இதயத்துடிப்பு இறங்கிவிடும், தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதத்தில் சேர்த்து வைத்த ஆக்சிஜன் கைகொடுக்கும். எலும்பும் கனம். இந்தக் கனம் பறப்பதைக் கைவிட்டதால் வந்த வசதி. ஆர்க்டிக்கில் தடித்த அலகு மர் என்றொரு பறவை பறப்பது, முங்குவது இரண்டையும் விடவில்லை. சின்ன இறக்கையாலேயே 100 மீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. ஆனால் பறக்க அது செலவழிக்கும் சக்தி, 2013இல் வெளியான ஆய்வின்படி, அதுவரை அளக்கப்பட்ட பறவைகளிலேயே அதிகம்.