அம்மாவின் முதல் விமானப் பயணம், தனியாக: தூத்துக்குடி – சென்னை – சிங்கப்பூர், இரண்டு தனி டிக்கெட், நடுவில் இரண்டரை மணி நேரம் போதுமா?

பாளைக்காரன் (கேள்வி)

வணக்கம். அம்மாவுக்கு 66 வயது, இதுவரை விமானம் ஏறியதே இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் தங்கச்சிக்கு நவம்பர் கடைசியில் பிரசவம், அதற்காகப் போகிறார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் தனியாகத்தான் அனுப்ப வேண்டும். தமிழ் மட்டும்தான் தெரியும், முழங்கால் வலி வேறு.

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு கம்பெனியிலும், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வேறொரு கம்பெனியிலும் விலை குறைவாக இருந்ததால் தனித்தனியாக டிக்கெட் போட்டுவிட்டேன். சென்னையில் மாலை 5.20க்கு இறங்குகிறார்கள், சிங்கப்பூர் விமானம் 7.50க்கு. இப்போதுதான் பயம் வருகிறது. தூத்துக்குடியில் போடும் பெட்டி நேராக சிங்கப்பூர் போய்விடுமா? முதல் விமானம் லேட் ஆனால் இரண்டாவது கம்பெனிக்காரர்கள் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்களா? வீல்சேர் எப்படிக் கேட்பது? பிரசவ லேகியம், ஊறுகாய், தேங்காய் எண்ணெய் எல்லாம் கொண்டு போகலாமா? அப்புறம், தூத்துக்குடி விமானத்தில் வெளியே காத்தாடி சுற்றும், அது பழைய காலத்து விமானம் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள், அம்மா அதிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

கவுன்ட்டரில் 9 வருஷம்

தம்பி, டிக்கெட் இன்னும் மாற்ற முடிகிற நிலையில் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், மற்ற கேள்விகளை அப்புறம் பார்க்கலாம்.

நீங்கள் போட்டிருப்பது ஒரு பயணம் இல்லை, இரண்டு பயணங்கள். ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இரண்டு விமானமும் இருந்தால்தான் அது கனெக்‌ஷன். அப்போது பெரும்பாலும் பெட்டிக்குக் கடைசி ஊர் வரைக்கும் டேக் போட்டுவிடுவார்கள். டேகில் எஸ்.ஐ.என் என்று இருந்தால் சிங்கப்பூர், எம்.ஏ.ஏ என்று இருந்தால் சென்னையோடு சரி. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டுவிட்டால் அடுத்ததில் இடம் பார்த்துக் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் இந்த இரண்டுமே கிடையாது. முதல் கம்பெனியைப் பொறுத்தவரை உங்கள் அம்மா சென்னைக்கு வந்த பயணி, வந்து சேர்ந்ததும் அவர்கள் வேலை முடிந்தது. இரண்டாவது கம்பெனிக்கு உங்கள் அம்மா எங்கிருந்து வருகிறார்கள் என்பதே தெரியாது. கவுன்ட்டருக்கு வரவில்லை என்றால் நோ-ஷோ, அவ்வளவுதான். டிக்கெட் பணம் போய்விடும், விமான நிலையக் கட்டணமும் வரியும் மட்டும் கேட்டால் திரும்பக் கிடைக்கும் (அதை நிறையப் பேர் கேட்பதே இல்லை, கேளுங்கள்).

இப்போது அந்த இரண்டரை மணி நேரத்தைப் பாருங்கள். 5.20 என்பது சக்கரம் தரையைத் தொட்டு வாசலில் வந்து நிற்கிற நேரம். வீல்சேர் பயணிகளைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். பெட்டி பெல்ட்டில் வர 5.50 ஆகலாம். வெளியே வந்து, பன்னாட்டு விமானங்களுக்கான டெர்மினலுக்குப் போய், வாசலில் பாஸ்போர்ட், டிக்கெட் காட்டி உள்ளே நுழைந்து, மறுபடி கவுன்ட்டர் வரிசை. பன்னாட்டு விமானத்துக்குப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள், அதாவது 6.50க்கு. ஆக உங்கள் கையில் இருப்பது ஒரு மணி நேரம். அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில்.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை: உள்நாட்டு டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான். சிங்கப்பூர் டிக்கெட்டில் 25, 30 கிலோ இருக்கிறது என்று நம்பிக் கட்டினால் தூத்துக்குடியிலேயே அதிகப்படி கிலோவுக்குப் பணம் கேட்பார்கள்.

வாரம் ஒரு பயணம்

இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். நான் இதே மாதிரி தனித்தனி டிக்கெட்டில் சென்னை வழியாகப் பலமுறை போயிருக்கிறேன், இரண்டு மணி நேரத்தில்கூட. ஒரு முறையும் விட்டதில்லை.

கவுன்ட்டரில் 9 வருஷம்

நீங்கள் கைப்பையோடு ஓடுகிறவர். பெட்டிக்குக் காத்திருக்க வேண்டாம், படி ஏறலாம், கவுன்ட்டரில் ஏதாவது சொன்னால் பதில் பேசலாம். அந்த அம்மாவால் இதில் எதுவும் முடியாது. வீல்சேர் தள்ளுகிறவர் வருகை வாசல் வரைதான் கொண்டுவந்து விடுவார். அங்கிருந்து அடுத்த கம்பெனியின் வீல்சேர் கிடைக்கிற வரைக்கும் அவர்களைக் கவனிக்க ஆள் கிடையாது. அந்த இடைவெளிதான் எனக்குக் கவலை, நேரம்கூட இரண்டாம் பட்சம்.

மாமனாரை அனுப்பியவள்

கவுன்ட்டர் அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. போன வருஷம் மாமனாரை இப்படித்தான் அனுப்பினோம். முதல் விமானம் மழையால் இறங்க முடியாமல் சுற்றிச் சுற்றி ஒன்றே கால் மணி நேரம் லேட். அவர் கவுன்ட்டருக்குப் போனபோது மூடிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. போனில் சார்ஜ் இல்லை. ராத்திரி 11 மணிக்கு யாரோ ஒரு புண்ணியவான் தன் போனைக் கொடுத்துத்தான் எங்களிடம் பேசினார். புது டிக்கெட்டுக்கான பணத்தைக்கூட மறந்துவிட்டேன், அந்த மூன்று மணி நேரத்தை மறக்க முடியவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து ஏன் சென்னை? திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் தினமும் இருக்கிறதே. காரில் ஐந்து மணி நேரம். நீங்களே கொண்டுபோய் வாசலில் விடலாம். திருவனந்தபுரம் அதைவிடப் பக்கம், மதுரையிலிருந்து இருக்கிறதா என்றும் தேடுங்கள். உங்கள் தேதிக்கு எது அமைகிறது என்று பாருங்கள்.

பாளைக்காரன்

திருச்சி மண்டையில் உதிக்கவே இல்லை. ‘பக்கத்து ஏர்போர்ட்’ என்று தூத்துக்குடியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று இரவு தங்கச்சியிடம் பேசிவிட்டு முடிவு செய்கிறேன். வீல்சேரும் சாப்பாட்டுச் சாமானும் யாராவது சொல்லுங்கள். காத்தாடி விஷயமும். இந்த முறை இல்லாவிட்டாலும் இன்னொரு முறை ஏற வேண்டியிருக்கும், அம்மாவுக்கு அந்தப் பயம் போக வேண்டும்.

ஹேங்கர் வேலை

காத்தாடிக்கு நான் பதில் சொல்கிறேன். அது ஏ.டி.ஆர் 72, பிரான்சில் துலூஸ் நகரத்தில் செய்வது. பழைய காலத்து விமானம் என்பது தவறு, இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். காத்தாடியைச் சுற்றுவது உள்ளே இருக்கும் டர்பைன் என்ஜின், ஜெட் விமானத்தில் இருப்பதன் உறவுக்காரன்தான். குறைந்த தூரத்துக்கு, சின்ன ஓடுபாதைக்கு, குறைந்த எரிபொருளில் போக இதுதான் தோது. இரண்டு என்ஜினில் ஒன்று நின்றாலும் மற்றொன்றை வைத்து மேலே ஏறி, திரும்பி வந்து இறங்க முடிய வேண்டும். இல்லாவிட்டால் பயணிகளோடு பறக்க அனுமதியே கிடைக்காது. சத்தம் காத்தாடிக்கு நேராக இருக்கும் முன் வரிசைகளில்தான் அதிகம். பின்னால் உட்கார்ந்தால் குறையும், ஏறுகிற கதவும் அதில் பின்னால்தான், கால் வலி உள்ளவர்களுக்கு நடையும் மிச்சம்.

காது அடைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுங்கள், நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் முறை போகிறவர்கள் பயப்படுவது அதற்குத்தான். பெரிய விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கிற மாதிரி வைத்திருப்பார்கள். ஏறக்குறைய கொடைக்கானல். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு பஸ்ஸில் இறங்கும்போது காது அடைக்குமே, அதேதான் இது, கொஞ்சம் வேகமாக. ஏறும்போது அவ்வளவு தெரியாது, இறங்கும்போதுதான் வலிக்கும். அதனால் இறங்கும் நேரத்தில் தூங்க விடக்கூடாது. கையில் பனங்கற்கண்டு கொடுத்துவிடுங்கள், சப்பிச் சப்பி எச்சில் விழுங்கினாலே காது திறந்துவிடும். சளி பிடித்திருந்தால் மட்டும் முன்பே டாக்டரைப் பாருங்கள்.

ராத்திரி விமானம் என்றால் இன்னும் இரண்டு சொல்லிவையுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளே விளக்கைக் குறைப்பார்கள். ஏதாவது அவசரம் என்றால் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதற்காக, கரன்ட் போனதால் இல்லை. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் காலடியில் தடதட என்று ஒரு சத்தம் வரும், அது சக்கரத்தை உள்ளே மடக்குவது.

சிராங்கூன் அக்கா

சாமான் விஷயம் நான் சொல்கிறேன் தம்பி. லேகியம், ஊறுகாய், எண்ணெய், நெய் எல்லாம் பெரிய பெட்டியில்தான். திருநெல்வேலி அல்வாவையும் கையில் வைக்காதீர்கள், குழகுழவென்று இருப்பதை எல்லாம் திரவக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள், பன்னாட்டு விமானத்தில் கைப்பையில் ஒரு பாட்டிலுக்கு 100 மில்லிதான். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நடுவில் புடவை வைத்துச் சுற்றுங்கள். கொப்பரை வேண்டவே வேண்டாம், எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் இருந்தால் அது நேர் எதிர், கைப்பையில் மட்டும்.

இங்கே வந்து இறங்குவதற்கு இரண்டு எச்சரிக்கை. அம்மாவுக்கு வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் புகையிலையை ஊரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், மெல்லுகிற புகையிலை சிங்கப்பூரில் தடை. கசகசாவும் வேண்டாம், இங்கே அது போதைப்பொருள் தடுப்புத் துறையின் கட்டுப்பாட்டுக்குள் வரும். லேகியத்தில் சேர்த்திருக்கிறார்களா என்று செய்தவர்களிடம் கேட்டுவிடுங்கள். வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது குடிநுழைவுத் துறையின் தளம் இல்லை.

கவுன்ட்டரில் 9 வருஷம்

வீல்சேர்: பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது கம்பெனிக்கு போன் செய்து பதியுங்கள். அவர்களிடம் மூன்று வகை உண்டு. நீண்ட தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார் என்பது ஒன்று, படியும் ஏற முடியாது என்பது அடுத்தது, இருக்கை வரைக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது மூன்றாவது. முழங்கால் வலிக்கு இரண்டாவதைச் சொல்லுங்கள். வெறுமனே ‘வீல்சேர் வேண்டும்’ என்றால் முதல் வகையில் போட்டுவிடுவார்கள், படிக்கட்டு வைத்து ஏற்றும் இடத்தில் அம்மா கீழே நின்றுகொண்டிருப்பார்கள்.

திருச்சி என்றால் தேதியில் கவனம். நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானங்கள் உண்டு. 24ஆம் தேதி 00.40 என்று போட்டிருந்தால் 23ஆம் தேதி ராத்திரியே போய் நிற்க வேண்டும். 24 ராத்திரி பெட்டியோடு வந்து நின்றவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன், பதில் சொல்வதே கஷ்டமாக இருக்கும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம், சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். மாப்பிள்ளையிடம் அந்த ஊர் நேரத்தையே சொல்லுங்கள்.

ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அம்மா பேர், விமான எண், தங்கச்சி வீட்டு முகவரி, இரண்டு போன் நம்பர் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துவிடுங்கள். அந்தத் தாள் அம்மாவுக்காகப் பேசும்.

பாளைக்காரன்

மாற்றிவிட்டேன். இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்ததில் கொஞ்சம் பணம் போனது, பரவாயில்லை. திருச்சியிலிருந்து நேர் விமானம், வீல்சேர் இரண்டாவது வகையில் பதிந்தாகிவிட்டது. லேகியம் செய்த பாட்டியிடம் கேட்டேன், கசகசா இல்லை என்றார்கள். புகையிலையை விடுவதுதான் பெரிய பஞ்சாயத்தாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பாளைக்காரன் (மூன்று வாரம் கழித்து)

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாசலில் காவலருக்கு அந்தத் தாளைத்தான் முதலில் காட்டினார்கள், பாஸ்போர்ட்டை அப்புறம்தான். காது ஒரு பக்கம் அடைத்திருக்கிறது, கற்கண்டு முழுவதையும் ஏறும்போதே தின்று தீர்த்துவிட்டார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த புதுக்கோட்டைப் பெண் மிட்டாய் கொடுத்திருக்கிறாள். பெயர் கேட்க மறந்துவிட்டேன் என்று அம்மா இன்னும் வருத்தப்படுகிறார்கள். வெளியே மாப்பிள்ளை நின்றிருக்கிறார். தங்கச்சிக்கு நேற்றுக் காலை பெண் குழந்தை.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. திரும்பி வரும்போதும் வீல்சேரைத் தனியாகப் பதிய வேண்டுமா, அல்லது போகும்போது சொன்னதே போதுமா?

கவுன்ட்டரில் 9 வருஷம்

வாழ்த்துக்கள் தம்பி, தங்கச்சிக்கும் சொல்லுங்கள். போகவர ஒரே பி.என்.ஆர் என்றாலும் திரும்பும் விமானத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று போன் செய்து கேளுங்கள். தனி டிக்கெட் என்றால் புதிதாகத்தான் பதிய வேண்டும். அதே இரண்டாவது வகை.