ரோஜா வாசனை ஜெரேனியம் வேலூர் வெயிலில் பிழைக்குமா?

மாடித்தோட்டக்காரி, சத்துவாச்சாரி:
டிசம்பரில் ஏலகிரிக்குப் போனபோது ஒரு நர்சரியில் ஜெரேனியம் செடி வாங்கி வந்தேன். பூவுக்காக இல்லை, இலையைத் தொட்டாலே கை முழுக்க பன்னீர் வாசம் ஒட்டிக்கொள்கிறது, அதற்காக. மார்ச் வரை புதராக வளர்ந்தது. இப்போது ஏப்ரல் கடைசி, தினம் இரண்டு வேளை தண்ணீர் விட்டும் இலை மஞ்சளாகி அடித்தண்டு கறுத்துவிட்டது, நுனியில் இரண்டு கிளைதான் பச்சை. காப்பாற்ற வழி உண்டா? அப்புறம், இலையைச் சமையலில் போடலாமா?

காட்பாடி தொட்டிச்செடி:
அக்கா, வெயிலைவிடத் தண்ணீர்தான் கெடுத்திருக்கும். கறுத்த தண்டு என்றால் வேர் அழுகல். இது தென்னாப்பிரிக்காவின் செடி, மண் காய்ந்து ஈரமாவதுதான் இதற்குப் பழக்கம், மதியம் வாடி நிற்கிறதே என்று நாம் ஊற்ற ஊற்ற வேர் மூச்சு முட்டிப்போகும். தாய்ச்செடியை விட்டுவிடுங்கள். பச்சைக் கிளையை இன்றே கணுவுக்குக் கீழே வெட்டுங்கள், வெட்டிய இடத்தில் பழுப்பு தெரிந்தால் இன்னும் மேலே. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஒரு நாள் நிழலில் காயவைத்து, மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து நடுங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு மூட வேண்டாம், புழுங்கி அழுகும்.

குடியாத்தம் வாசகி:
நானும் இரண்டு செடி பறிகொடுத்தவள். இப்போது வருஷாவருஷம் ஜனவரியிலேயே நாலைந்து குச்சி நட்டுவிடுகிறேன், ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். கோடையில் காலை வெயில் மட்டும் படும் கிழக்குத் திண்ணை, ஐப்பசி மழையில் தாழ்வாரம்.
இலையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் நர்சரியில் மருந்து அடித்திருப்பார்கள், புதிதாகத் துளிர்த்ததைத்தான் பறிக்க வேண்டும். சர்க்கரை டப்பாவில் நன்றாகத் துடைத்த நாலு இலையைப் புதைத்து வையுங்கள், இரண்டு வாரத்தில் வாசம் ஏறிவிடும். பாயசத்துக்குக் கொதித்த பாலில் இரண்டு இலை போட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்து எடுத்துவிடுகிறேன். மெல்லத் தோதான இலை இல்லை, சொரசொரப்பு. அதிகம் போட்டால் சோப்பு மாதிரி ஆகிவிடும்.

ஆற்காடு செடிப்பைத்தியம்:
ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் என்ற வாசனைப் பொருள் இதிலும் இருக்கிறது, அதனால்தான் அந்த வாசம். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் எண்ணெய்க்காகவே பயிரிடுகிறார்கள். எலுமிச்சை வாசனை வகையைக் கொசு விரட்டும் செடி என்று விற்பார்கள், நம்பி வாங்காதீர்கள், தொட்டியில் சும்மா நிற்கிற செடிக்குக் கொசு போகாது. வீட்டில் பூனை, நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், கடித்தால் அவற்றுக்கு ஆகாது.

மாடித்தோட்டக்காரி, சத்துவாச்சாரி:
வெட்டிவிட்டேன். ஒரு கிளை உள்ளே முழுக்கப் பழுப்பு, போய்விட்டது. இன்னொன்று பச்சையாகவே இருக்கிறது, நாளை சாயங்காலம் நடுகிறேன்.